‘விசேஷம் உண்டா?’ என்ற கேள்விக்கு ரத்த ரிப்போர்ட் பதில் சொல்லுமா?

காலை ஆறரை மணி. மயிலாப்பூர் மாட வீதிகளில் பால் பாக்கெட் போடுகிறவருக்கும் பேப்பர் போடுகிறவருக்கும் நடுவே இப்போது இன்னொருவரும் பைக்கை நிறுத்துகிறார். தோளில் சின்ன குளிர்பெட்டி, செல்போன் திரையில் ஃபிளாட் நம்பர். லேபிலிருந்து ரத்தம் எடுக்க வந்திருக்கிறார். முன்பெல்லாம் தாத்தா பாட்டியின் சர்க்கரை, கொழுப்பு பார்க்கத்தான் இவர் படியேறுவார். இன்று அதே பெட்டியில் மருமகளின் ரத்த சாம்பிளும் போகிறது. ‘பெண்கள் ஹார்மோன் பேக்கேஜ்’, ‘ஃபெர்டிலிட்டி செக்’ என்று போனிலேயே புக் செய்துவிடலாம். மாலைக்குள் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடும்.

வசதிதான், மறுக்க முடியாது. தி.நகரில் ஒரு மகப்பேறு கிளினிக்கின் வாசலில் உட்கார்ந்தால், பாண்டி பஜாருக்கு வந்த சொந்தக்காரர் யாராவது ஒருவர் கண்ணில் படாமல் எழுந்து வர முடியாது. அடுத்த கொலுவில் சுண்டலோடு சேர்ந்து ‘என்ன, ஏதாவது விசேஷம் உண்டா?’ என்ற கேள்வியும் வரும். அதற்குப் பயந்தே பல பெண்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க நினைக்கிறார்கள்.

அடையாறிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 29. கல்யாணமாகி எட்டு மாதம். பீரியட்ஸ் மாதாமாதம் சரியாக வருகிறது. சும்மா பார்த்து வைக்கலாமே என்று ஒரு பேக்கேஜ் எடுத்தார். ஏ.எம்.ஹெச். 0.9 என்று வந்தது. பக்கத்தில் சிவப்பில் ‘குறைவு’. ரிப்போர்ட் கணவரின் போனுக்குப் போய், அங்கிருந்து மாமியாருக்குப் போய், ‘அவளுக்கு முட்டையே இல்லையாம்’ என்று நாத்தனார் வரை சேர்ந்துவிட்டது. ‘உடனே ஐ.வி.எஃப். போகலாம் என்கிறார்கள். எனக்குக் குழந்தையே பிறக்காதா?’ என்று கேட்கிறார்.

ஒரு டெஸ்ட் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று தெரியாமல் ரிசல்ட்டை மட்டும் வாங்கினால் இப்படித்தான் ஆகும். அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

மங்கலான கோடு: இங்கே ஆம், அங்கே இல்லை

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனை கிட் எல்லோருக்கும் தெரியும். கரு கர்ப்பப்பையில் ஒட்டிய பிறகு சுரக்கும் ஹெச்.சி.ஜி. ஹார்மோன் சிறுநீரில் இருக்கிறதா என்று மட்டும் அது பார்க்கிறது. பீரியட்ஸ் தள்ளிப்போன நாளிலிருந்து எடுத்தால் நம்பலாம். கிட்டில் சொல்லியிருக்கும் நேரத்துக்குள் இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தாலும் ‘ஆம்’ என்றே அர்த்தம்.

அதே அலமாரியில் இருக்கும் ஓவுலேஷன் கிட் வேறு. முட்டை வெளிவருவதற்கு முன் திடீரென்று உயரும் எல்.ஹெச். ஹார்மோனை அது பார்க்கிறது. இந்த ஹார்மோன் எப்போதும் கொஞ்சம் இருக்கும். எனவே மங்கலான கோட்டுக்கு இங்கே ‘இல்லை’ என்று அர்த்தம். கன்ட்ரோல் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அழுத்தமாகவோ வந்தால்தான் ‘ஆம்’. இந்த வித்தியாசம் தெரியாமல் மாதக்கணக்கில் தவறான நாட்களைக் குறித்துவைக்க வாய்ப்பு உண்டு.

28 நாள் சுழற்சி உள்ளவர்கள் 11-ம் நாளிலிருந்து தினமும் பார்க்கலாம். கோடு அழுத்தமாக வந்த 24 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டை வெளிவரும். வெளிவந்த முட்டைக்கு ஆயுள் அதிகபட்சம் ஒரு நாள். ஆனால் விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். ஆகவே முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான் கரு உருவாக வாய்ப்புள்ள நாட்கள். கோடு வரட்டும் என்று காத்திருந்து, அதற்கு முன் வரும் நல்ல நாட்களை விட்டுவிட வேண்டாம். பி.சி.ஓ.எஸ். இருப்பவர்களுக்கு எல்.ஹெச். எப்போதுமே சற்று உயர்ந்திருக்கலாம். அவர்களுக்கு இந்த கிட் பொய்யாகவும் ‘ஆம்’ சொல்லும்.

45 தாண்டிய வாசகிகளுக்கும் ஒரு வார்த்தை. மெனோபாஸ் வந்துவிட்டதா என்று எஃப்.எஸ்.ஹெச். ஸ்ட்ரிப்பில் பார்க்க வேண்டாம். அந்த வயதில் எஃப்.எஸ்.ஹெச். ஏறும், இறங்கும். தொடர்ந்து 12 மாதம் பீரியட்ஸ் வராவிட்டால் அதுதான் மெனோபாஸ். அதைச் சொல்லக் காலண்டர் போதும். ஒருமுறை நின்ற பிறகு மறுபடி ரத்தப்போக்கு வந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளாமல் டாக்டரைப் பாருங்கள்.

எந்த நாளில் எடுத்த ரத்தம்?

பெண்ணின் ஹார்மோன்கள் மாதம் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. எஃப்.எஸ்.ஹெச்., எஸ்ட்ரடயால் இரண்டையும் பீரியட்ஸ் தொடங்கிய 2-வது அல்லது 3-வது நாளில் பார்க்க வேண்டும். முட்டை வெளிவந்ததா என்று சொல்லும் புரொஜெஸ்ட்ரோனை அடுத்த பீரியட்ஸுக்கு ஏழு நாள் முன்பு பார்க்க வேண்டும். ‘21-ம் நாள் டெஸ்ட்’ என்று சொல்வது 28 நாள் சுழற்சிக்குத்தான் பொருந்தும். உங்களுக்கு 35 நாள் சுழற்சி என்றால் அது 28-ம் நாள்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே காலையில் ஒரே ஊசியில் எஃப்.எஸ்.ஹெச்., புரொஜெஸ்ட்ரோன் இரண்டையும் பார்த்துத் தரும் பேக்கேஜ் என்றால், இரண்டில் ஒன்றுக்கு அது தவறான நாள். புக் செய்யும்போது ‘உங்கள் பீரியட்ஸ் என்று தொடங்கியது?’ என்று கேட்காத இடத்தில் வாங்கும் எண்ணுக்குப் பெரிய மதிப்பு இல்லை.

புரோலாக்டின் ஹார்மோன் பதற்றத்தில்கூட ஏறும். ஓடிவந்து கதவைத் திறந்து உடனே கை நீட்டினால் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். எழுந்து சற்று நேரம் கழித்து, அமைதியாக உட்கார்ந்த பிறகு கொடுங்கள். லேசாக உயர்ந்திருந்தால் மறுபடி ஒருமுறை பார்க்காமல் மாத்திரை தொடங்க வேண்டாம்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம்மில் ஏராளம். அந்த பயோட்டின் பல ஹார்மோன் டெஸ்ட்களைக் குழப்பும். தைராய்டின் டி.எஸ்.ஹெச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதைப் பற்றி 2017-லேயே எச்சரித்திருக்கிறது. ரத்தம் எடுக்க வருபவரிடமும் டாக்டரிடமும் அந்த மாத்திரையைச் சொல்லுங்கள். எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏ.எம்.ஹெச். என்ன சொல்கிறது?

அடையாறு வாசகியின் கவலைக்கு வருவோம். பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் 10 முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கும். பருவம் அடையும்போது மூன்று முதல் ஐந்து லட்சம் மிஞ்சும். அவற்றில் முதிர்ந்து வெளிவருவது வாழ்நாளில் ஏறக்குறைய நானூறு, ஐநூறுதான். மீதமுள்ள கையிருப்பு எவ்வளவு என்பதைக் கணிக்கத்தான் ஏ.எம்.ஹெச். உதவுகிறது. ஐ.வி.எஃப். சிகிச்சையில் ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும், எவ்வளவு மருந்து தேவை என்று முடிவு செய்ய டாக்டருக்கு அது பயன்படும்.

ஆனால் இயற்கையாகக் கரு உருவாக மாதம் ஒரு நல்ல முட்டை போதும். அந்த முட்டை நல்லதா என்பதை ஏ.எம்.ஹெச். சொல்லாது. அதைப் பெரும்பாலும் வயதுதான் தீர்மானிக்கிறது.

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2017-ல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளிவந்தது. அமெரிக்காவில் குழந்தைக்கு அப்போதுதான் முயலத் தொடங்கியிருந்த, குழந்தையின்மைப் பிரச்சினை முன்பு இல்லாத, 30 முதல் 44 வயது வரையிலான 750 பெண்களிடம் நடத்தப்பட்டது. ஆறு சுழற்சிகளுக்குள் கருத்தரிக்கும் வாய்ப்பு, ஏ.எம்.ஹெச். சரியாக இருந்தவர்களுக்கு 62 சதவீதம். 0.7-க்கும் குறைவாக இருந்தவர்களுக்கு 65 சதவீதம். அதாவது சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத பெண்களிடம் ஏ.எம்.ஹெச்.சை வைத்து எதிர்காலத்தைக் கணித்துச் சொல்லக் கூடாது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு 2019-ல் அறிவுறுத்தியது.

எனவே அடையாறு தோழிக்கு: ‘முட்டையே இல்லை’ என்று உங்கள் ரிப்போர்ட் சொல்லவில்லை. அந்த ஆய்வில் இருந்தவர்கள் எல்லோரும் உங்களைவிட மூத்தவர்கள். உங்களுக்கு இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த ஓர் எண்ணுக்காக ஐ.வி.எஃப். தேவையில்லை. கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் ஏ.எம்.ஹெச். குறைத்துக் காட்டும், அதையும் யோசித்துப் பாருங்கள். ஆனால் அம்மாவுக்கோ அக்காவுக்கோ 40 வயதுக்கு முன்பே பீரியட்ஸ் நின்றிருந்தால், உங்களுக்குச் சினைப்பையில் ஆபரேஷன் நடந்திருந்தால், புற்றுநோய் சிகிச்சை எடுத்திருந்தால், அந்த எண் முக்கியம். அதோடு உடனே டாக்டரிடம் போங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 38 வயதில் ‘ஏ.எம்.ஹெச். நார்மல், அவசரமில்லை’ என்று இரண்டு வருடம் தள்ளிப்போடுவதும் அதே தவறுதான். முட்டையின் தரம் வயதோடு போகும், ரிப்போர்ட்டோடு போகாது. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு ஏ.எம்.ஹெச். மிக அதிகமாக இருக்கும். அதிகம் என்பதாலேயே நல்லது என்றும் இல்லை. இரண்டு லேப் ரிப்போர்ட்களை ஒப்பிடும்போது அலகையும் பாருங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் என்பது வேறு அலகில் லிட்டருக்கு 7.14 பிகோமோல். அளவு ஒன்றுதான், எண்தான் வேறு.

ரிப்போர்ட்டில் இல்லாதவை

கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று எந்த ரத்த டெஸ்ட்டும் சொல்லாது. நம் நாட்டில் இனப்பெருக்க உறுப்புகளைத் தாக்கும் காசநோய் சத்தமில்லாமல் குழாய்களை அடைத்துவிடுவது உண்டு. அதற்கு எக்ஸ்ரே, ஸ்கேன் தேவை. ஹார்மோன் எல்லாம் சரி, ஆனாலும் கரு தங்கவில்லை என்றால் இதையும் பார்க்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் இல்லாத இன்னொருவர், கணவர். குழந்தைப்பேறு தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. ஆனால் காலையில் வந்தவர் மனைவியின் கையில் மட்டும்தான் ஊசி போட்டுவிட்டுப் போகிறார். ஆணுக்குத் தேவை ஒரே ஒரு விந்துப் பரிசோதனை. ஊசி இல்லை, வலி இல்லை. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு எடுத்த சாம்பிள் ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச்சேர வேண்டும், அவ்வளவுதான். அதைப் பார்க்காமல் மனைவிக்கு மூன்றாவது பேக்கேஜ் புக் செய்வது பணத்துக்கும் கேடு, மனசுக்கும் கேடு.

எப்போது, எங்கே?

அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கதை நமக்குத் தெரியும். அவசரப்பட வேண்டாம், ஆனால் அளவுக்கு மீறிக் காத்திருக்கவும் வேண்டாம். 35 வயதுக்குள் என்றால் ஒரு வருட முயற்சிக்குப் பிறகு இருவரும் டாக்டரைப் பாருங்கள். 35 தாண்டியிருந்தால் ஆறு மாதம். 40 என்றால் காத்திருக்கவே வேண்டாம். பீரியட்ஸ் ஒழுங்காக வராதவர்கள், அந்த நாட்களில் தாங்க முடியாத வலி உள்ளவர்கள் எந்த வயதிலும் சீக்கிரமே போகலாம்.

சென்னையில் வழி பக்கத்திலேயே இருக்கிறது. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை 1844 முதல் இயங்குகிறது. மயிலாப்பூரிலிருந்து எட்டும் தூரத்தில், பழையவர்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை 1990-ல் டாக்டர் கமலா செல்வராஜின் சிகிச்சையில் பிறந்ததும் இதே ஊரில்தான். ஐ.வி.எஃப். தேவைப்படும் நாள் வந்தால் அதற்கும் இங்கே வழி உண்டு. ஆனால் முதல் படி அது இல்லை.

குழந்தைக்குத் திட்டமிடும் எல்லோருக்கும் உண்மையிலேயே பயன்படும் டெஸ்ட்கள் விலை குறைந்தவை: ஹீமோகுளோபின், சர்க்கரை, டி.எஸ்.ஹெச். கூடவே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் மாத்திரை. கரு தங்கிய பிறகு அல்ல, அதற்கு ஒரு மாதமாவது முன்பிருந்தே. உங்களுக்கு ஏற்ற அளவை டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் டெஸ்ட் எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. தாராளமாக எடுங்கள். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள லேபா என்று பாருங்கள். பீரியட்ஸ் தொடங்கிய தேதியை ரிப்போர்ட்டின் மேலேயே எழுதி வையுங்கள். புக் செய்யும்போது உங்கள் சொந்த போன் நம்பரைக் கொடுங்கள். உங்கள் உடம்பைப் பற்றிய எண் முதலில் உங்களுக்கு வரட்டும், அதை யாரிடம் காட்டுவது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். டாக்டரிடம் போகும்போது மட்டும் இரண்டு பேராகப் போங்கள்.

உங்கள் கேள்விகளை எழுதுங்கள். பெயர் போட வேண்டிய கட்டாயம் இல்லை.