நார்மன் ஏன் அப்படி ஆனான்?

'சைக்கோ' என்ற சொல்லைக் கேட்டிராதவர் உங்களில் யாராவது உண்டா? வகுப்பில் ஒருவன் யாருடனும் சேராமல் தனியாக உட்கார்ந்திருந்தால் அவன் 'சைக்கோ'. தனக்குத் தானே பேசிக் கொண்டால் 'சைக்கோ'. கோபத்தில் நோட்டுப் புத்தகத்தைக் கிழித்துப் போட்டாலும் 'சைக்கோ' தான். கிரேக்க மொழியில் 'சைக்கே' என்றால் உயிர், மனம் என்று பொருள். மன இயலைக் குறிக்கும் 'சைக்காலஜி' என்ற சொல்லும் அதிலிருந்து பிறந்ததே. இவ்வளவு நல்ல குடும்பத்தில் பிறந்த சொல் எப்படி வசைச் சொல் ஆயிற்று? அதில் ஒரு திகில் கதைக்கும் பங்கு உண்டு.

அந்தக் கதையை அமெரிக்காவில் தொலைக்காட்சித் தொடராகப் புதுப்பித்தார்கள். புதுப்பித்த விதத்தில் நல்லதும் இருக்கிறது, கோளாறும் இருக்கிறது. இரண்டுமே விஞ்ஞானம் படிக்கும் நமக்குப் பாடம். படமும் தொடரும் பெரியவர்களுக்காக எடுக்கப்பட்டவை. அவற்றைப் பார்க்கும்படி உங்களிடம் நான் சொல்ல வரவில்லை. கதை தெரிந்தால் போதும்.

பழைய கதை

ராபர்ட் பிளாக் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1959-ம் ஆண்டு 'சைக்கோ' என்ற நாவலை எழுதினார். அடுத்த ஆண்டே ஆல்பிரட் ஹிட்ச்காக் அதைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தார். நெடுஞ்சாலை ஓரத்தில் ஆள் வராத ஒரு தங்கும் விடுதி. அதை நடத்துபவன் நார்மன் பேட்ஸ் என்ற இளைஞன். கூச்ச சுபாவம் உள்ளவன், மரியாதையாகப் பேசுபவன். பறவைகளைப் பாடம் செய்து வைப்பது அவனுடைய பொழுதுபோக்கு. விடுதிக்குப் பின்னால் மேட்டின் மேல் ஒரு பழைய வீடு. அதில் அவனுடைய தாய் இருக்கிறாள் என்கிறான். விடுதியில் தங்க வந்த மேரியன் என்ற பெண் குளியல் அறையில் கொலை செய்யப்படுகிறாள். (அந்தக் காட்சியில் ஓடும் இரத்தம் உண்மையில் சாக்லேட் பாகு! கறுப்பு வெள்ளைப் படத்தில் யாருக்குத் தெரியப் போகிறது?)

கொலை செய்தது யார் என்பது கடைசியில் தெரிகிறது. தாய் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நார்மனே சில வேளைகளில் தாயாக மாறிப் பேசுகிறான், நடக்கிறான், கொலையும் செய்கிறான். ஒரு மனநல மருத்துவர் வந்து சில நிமிடங்களில் இதை விளக்கி முடிக்கிறார். படமும் முடிந்து விடுகிறது.

முன்கதை என்றால் என்ன?

வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் 'முன்கதைச் சுருக்கம்' என்று போடுவார்களே, அது ஏற்கெனவே வந்த கதையின் சுருக்கம். நான் சொல்லும் முன்கதை வேறு. தெரிந்த ஒரு கதைக்கு முன்னால் என்ன நடந்திருக்கும் என்று பின்னாளில் எழுதுவது. ஆங்கிலத்தில் இதைப் 'பிரீக்வெல்' என்பார்கள்.

'பேட்ஸ் மோட்டல்' என்ற தொடர் அத்தகையது. கார்ல்டன் கியூஸ், கெர்ரி எரின் ஆகியோர் இதன் முக்கியப் படைப்பாளிகள். 2013 முதல் 2017 வரை ஐந்து பருவங்களாக, 50 பகுதிகள் ஒளிபரப்பாயின. நார்மனின் பள்ளிப் பருவத்தில் கதை தொடங்குகிறது. தந்தை இறந்த பிறகு தாய் நார்மா ஒரு விடுதியை வாங்கி மகனுடன் குடிவருகிறாள். ஃபிரெடி ஹைமோர் மகனாகவும், வேரா ஃபார்மிகா தாயாகவும் நடித்தார்கள்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. 1960-ல் இளைஞனாக இருந்தவனின் பள்ளிப் பருவம் என்றால் 1940-களின் கதையாக அல்லவா இருக்க வேண்டும்? தொடரை எடுத்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. கதையைத் தூக்கி இன்றைய காலத்தில் வைத்து விட்டார்கள். மேட்டின் மேல் அதே பழைய வீடு. பையன் கையிலோ செல்போன்!

இது சரியா என்று சிலர் கேட்டார்கள். என் கருத்தில் இது சரியே. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கதையை இன்றைய காலத்துக்குக் கொண்டு வருகிறவர் செல்போனை மட்டும் கொண்டு வந்தால் போதாது. இன்றைய அறிவையும் கூடவே கொண்டு வர வேண்டும்.

பாராட்ட வேண்டியது

அந்த அறிவில் பாதியைக் கொண்டு வந்தார்கள். பழைய படம் 'யார் செய்தது?' என்று கேட்டது. முன்கதையோ 'ஏன் இப்படி ஆயிற்று?' என்று கேட்கிறது. ஆப்பிள் ஏன் விழுகிறது, இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று நாம் கேட்பதும் இதே கேள்விதானே? அந்த வகையில் முன்கதை என்பதே விஞ்ஞானத்துக்கு உறவான கதை வடிவம்.

நார்மனுக்கு அவ்வப்போது நினைவு தப்புகிறது. அந்த நேரத்தில் செய்தது எதுவும் பிறகு அவனுக்குத் தெரிவதில்லை. தாய்க்குத் தெரிகிறது. ஆனால் அவள் மகன் மேல் உள்ள பாசத்தால் எல்லாவற்றையும் மூடி மறைக்கிறாள். அவனிடமே மறைக்கிறாள். நான்காம் பருவத்தில்தான் அவன் மனநல மருத்துவமனைக்குப் போகிறான். சிகிச்சைச் செலவுக்கு வழியில்லாத தாய், இன்ஷூரன்ஸ் வசதி உள்ள ஒருவரை அதற்காகவே திருமணம் செய்து கொள்கிறாள்! மருத்துவர் பொறுமையாகப் பேசுகிறார். காது கொடுத்துக் கேட்கிறார். சிகிச்சை முழுமை அடையும் முன்பே நார்மன் வீடு திரும்பி விடுகிறான். அதன்பின் நடப்பதெல்லாம் துயரம்.

1960-ல் வந்த படத்தில் மருத்துவர் கடைசியில் வந்து தீர்ப்புச் சொல்லுகிறவர். புதிய தொடரில் அவர் சிகிச்சை செய்கிறவர். இது சின்ன மாற்றம் அல்ல. மனச்சிதைவு நோய்க்குப் பயன்படும் 'குளோர்புரோமசின்' என்ற மருந்தை முதன்முதலாக மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது 1952-ல்தான். ஹிட்ச்காக் படம் எடுத்தபோது அந்தச் சிகிச்சைக்கு வயது எட்டு. இன்று எழுபதைத் தாண்டி விட்டது. கதையும் அதற்கேற்ப வளர்ந்திருக்கிறது.

ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துக் கொள்வோம். மனச்சிதைவு என்பது 'இரண்டு ஆளாக மாறுவது' அல்ல. இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நடப்பதாக நம்புவது போன்றவை அதன் அறிகுறிகள். நார்மனுக்கு இருப்பதாகத் தொடர் காட்டுவது வேறொன்று. ஒருவருக்குள் தனித்தனி ஆளுமைகள் மாறி மாறி வரும் நிலை அது. அதற்கு இன்றுள்ள பெயரை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994-ல் வைத்தது. அரிதான நிலை, நிபுணர்கள் நடுவே விவாதத்துக்கு உரியது. அந்த நிலையில் உள்ளவர்கள் மற்றவரைத் தாக்குவதைவிடத் தம்மைத் தாமே துன்புறுத்திக் கொள்வதுதான் அதிகம்.

தலைகீழ்க் கணக்கு

இனி கோளாறுக்கு வருவோம். முன்கதை எழுதுகிறவருக்கு முடிவு முன்பே தெரியும். பார்க்கிறவர்களுக்கும் தெரியும். ஆகவே பையன் கத்தியைக் கையில் எடுத்தால், அது காய் நறுக்குவதற்காகவே இருந்தாலும், நமக்கு முதுகுத் தண்டு சில்லிடுகிறது. தாய் அதட்டினால் 'ஆகா, இதனால்தான்' என்கிறோம். தந்தை அடித்தார் என்றால் 'இதனாலும்தான்' என்கிறோம். முடிவிலிருந்து பின்னோக்கிப் பார்த்தால் எல்லாமே காரணமாகத் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். பாம்பு கடித்து மருத்துவமனைக்கு வருகிறவர்களை விசாரித்தால், பலர் வயலில் நடந்தவர்களாக இருப்பார்கள். அதற்காக, வயலில் நடந்தவர்களை எல்லாம் பாம்பு கடித்து விட்டதா? கோடிக்கணக்கானவர்கள் தினமும் வயலில் இறங்கி, வேலை முடித்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். முதல் கணக்கு முடிவிலிருந்து திரும்பிப் பார்ப்பது. இரண்டாவது கணக்கு தொடக்கத்திலிருந்து முன்னோக்கிப் பார்ப்பது. இரண்டும் ஒன்றல்ல.

நார்மனைப் போல் கசப்பான குழந்தைப் பருவம் பெற்றவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் ஆசிரியர்களாக, ஓட்டுநர்களாக, நர்சுகளாக நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் திகில் தொடர் எடுப்பதில்லை. துன்பம் ஆபத்தைக் கூட்டும் என்பது உண்மை. அது தலையெழுத்து ஆகிவிடாது.

எம்மாவும் நார்மனும்

அதே தொடரில் எம்மா என்ற பெண் வருகிறாள். நார்மனின் பள்ளித் தோழி. அவளுக்கு 'சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்' என்ற பரம்பரை நோய். நுரையீரலில் கோழை கெட்டிப்பட்டு மூச்சுத் திணறும். ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக் கொண்டே பள்ளிக்கு வருவாள். பின்னர் மாற்று நுரையீரல் பொருத்தப்பட்டு நலம் பெறுகிறாள். இந்த நோய்க்குக் காரணமான ஜீனை 1989-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அது ஏழாவது குரோமோசோமில் இருக்கிறது. தாய், தந்தை இருவரிடமும் பழுதான ஜீன் ஒவ்வொன்று இருந்தால், பிறக்கும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இங்கே காரணத்திலிருந்து விளைவை முன்னோக்கிக் கணக்கிட முடிகிறது.

மன நோய்களுக்கு அப்படி ஒற்றைக் காரணம் இல்லை. பல ஜீன்கள், வளர்ப்பு, அனுபவம், உறக்கம், போதைப் பொருள், வறுமை எனப் பலவும் சேர்ந்து வேலை செய்கின்றன. இன்ன பையன் இன்னவன் ஆவான் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

ஆனால் பார்ப்பவர் மனத்தில் என்ன பதிகிறது? நுரையீரல் நோய் உள்ள எம்மாவைக் கண்டால் இரக்கம். மன நோய் உள்ள நார்மனைக் கண்டால் பயம். என் குறை இதுதான். இன்றைய மருத்துவமனையைக் கொண்டு வந்த தொடர், பழைய பயத்தை மட்டும் மாற்றாமல் அப்படியே விட்டு விட்டது. 'திகில் கதை என்றால் பயம் வேண்டாமா?' என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும். பேயைக் கண்டு பயப்படுவதால் எந்தப் பேயும் மனம் நோகாது. நோயாளியைக் கண்டு பயப்பட்டால் நோகிறவர் ஒரு மனிதர்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 97 கோடிப் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் குறை இருந்தது. எட்டுப் பேரில் ஒருவர்! அவர்கள் எல்லாரும் நார்மன்கள் என்றால் உலகம் தாங்குமா? அவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. பிறரால் தாக்கப்படும் அபாயம்தான் அவர்களுக்கு அதிகம்.

வெறித்துப் பார்த்த பையன்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்குப் போயிருந்தேன். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் நீர்மின் நிலைய மாதிரியை விளக்கிக் கொண்டிருந்தான். நடுவில் சட்டென்று நின்றான். கண்கள் எங்கோ வெறித்தன. ஒரு பத்து வினாடி இருக்கும். பிறகு ஒன்றும் நடக்காதது போல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது: "சார், அவன் சைக்கோ சார்!" எல்லாரும் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்து கொண்டான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

அவனுடைய அப்பாவிடம் பேசி, மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொன்னோம். 'இ.இ.ஜி.' என்னும் மூளை மின்னலைப் பதிவு எடுத்தார்கள். மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானியர், 1924-ல். பையனுக்கு இருந்தது குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பு. கை கால் உதறாது. சில வினாடி நினைவு மட்டும் நின்று போகும். பெரும்பாலோருக்கு மாத்திரையால் கட்டுப்படும். பலருக்கு வளர வளர நின்றே போய்விடும். அவனுக்கும் மாத்திரையால் கட்டுப்பட்டது.

நார்மனுக்கும் நினைவு தப்பியது, இவனுக்கும் தப்பியது. சிரித்த மாணவர்கள் இவனுடைய முன்கதையை எழுதி, முடிவையும் எழுதி விட்டார்கள். மருத்துவர் அப்படிச் செய்யவில்லை. பரிசோதித்துப் பார்த்தார்.

மாறிய முடிவு

கடைசியாக ஒரு செய்தி. தொடரின் ஐந்தாம் பருவத்தில், 2017-ல், பழைய படத்தின் மேரியன் அந்த விடுதிக்கு வருகிறாள். குளியல் அறைக்கும் போகிறாள். பார்த்தவர்கள் மூச்சைப் பிடித்துக் கொண்டிருந்தார்கள். ஆனால் அவள் சாகவில்லை! உயிரோடு காரை ஓட்டிக் கொண்டு போய்விடுகிறாள். 57 ஆண்டுகளாக உலகமே அறிந்திருந்த முடிவை எழுத்தாளர்கள் மாற்றி விட்டார்கள்.

எழுதி, அச்சடித்து, படமும் எடுத்த கதையிலேயே முடிவை மாற்றலாம் என்றால், உங்கள் பக்கத்து பெஞ்சில் இருப்பவனின் கதை இன்னும் எழுதப்படவே இல்லையே! அவன் தனியாக உட்கார்ந்திருந்தால் பெயர் வைக்காதீர்கள்; பக்கத்தில் போய் உட்காருங்கள். தேவைப்பட்டால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். உங்களுக்கே மனம் சரியில்லை என்றால் நார்மாவைப் போல் மூடி மறைக்காதீர்கள். வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். இந்திய அரசு 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவித் தொலைபேசி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

திகில் கதைகளை ரசியுங்கள். 'ஏன்?' என்ற கேள்வியை அவற்றிடமிருந்து கற்றுக் கொள்ளுங்கள். விடையை மட்டும் அவற்றிடம் கேட்காதீர்கள்.