பேர்லினில் ஒரு நாள்: அழுவதற்கு ஓர் இடம்



வெளிநாடு போய்வந்தவர்களைக் கண்டால் நாங்கள் முதலில் கேட்பது "என்னென்ன பார்த்தனீங்கள்?" என்பதுதான். 2019ஆம் ஆண்டு புரட்டாதி மாதம் ஒரு பயிற்சிப் பட்டறைக்காக ஜேர்மனிக்குச் சென்றிருந்தேன். பட்டறை தொடங்குவதற்கு முதல் நாள் பேர்லின் நகரைச் சுற்றிப் பார்க்கக் கிடைத்தது. அந்த ஒரு நாளைப் பற்றி எங்கள் மாதாந்தக் கூட்டங்களில் பல தடவை கதைத்திருக்கிறேன். கூட்டங்களுக்கு வரமுடியாத சகோதரிகளுக்காக இம்முறை எழுதுகிறேன்.

நாங்கள் மூன்று பெண்கள். ஒருத்தி பல்கலைக்கழக விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். திருமணமாகி அங்கே வசிக்கிறாள். மற்றவர் அவளோடு முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்யும் ஜேர்மன் பெண், ஐம்பது வயதைத் தாண்டியவர். தோழி பாணும் சம்பலும் சுற்றி எடுத்திருந்தாள். "வெளியில சாப்பிட்டால் உன்ர காசு ஒரு நாளில முடிஞ்சிடும்" என்றாள். ஒரு நாள் ரிக்கற் எடுத்தால் அன்று முழுவதும் பஸ்ஸிலும் ரயிலிலும் விரும்பியபடி ஏறி இறங்கலாம்.

தோழியின் வீட்டு வாசலைத் தாண்டியதுமே முதலாவது காட்சி. நடைபாதையில் உள்ளங்கை அளவான நான்கு பித்தளைத் தகடுகள் பதிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் பத்துச் சென்ரிமீற்றர் சதுரம். "இங்கே வாழ்ந்தார்" என்று தொடங்கி ஒருவரின் பெயர், பிறந்த ஆண்டு, பிடித்துச் செல்லப்பட்ட நாள், கொல்லப்பட்ட இடம் என்பன பொறிக்கப்பட்டிருந்தன. ஹிட்லரின் ஆட்சியில் அழைத்துச் செல்லப்பட்ட தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள். குன்டர் டெம்னிக் என்ற சிற்பி 1992இல் தொடங்கிய வேலை இது. ஜேர்மன் மொழியில் இதற்குத் 'தடக்குக் கல்' என்று பெயர். 2023ஆம் ஆண்டுக்குள் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட கற்கள் பதிக்கப்பட்டுவிட்டன. பெயரை வாசிக்க வேண்டுமென்றால் நாம் குனியத்தான் வேண்டும்.

அங்கிருந்து விலங்குக்காட்சிச் சாலைப் பக்கம் போனோம். அங்கே கைசர் வில்ஹெல்ம் நினைவுத் தேவாலயம் இருக்கிறது. 1943 கார்த்திகை மாதக் குண்டுவீச்சில் எரிந்து, அதன் கோபுரம் தலையிழந்து நிற்கிறது. போருக்குப் பின் புதிய தேவாலயம் கட்டத் திட்டமிட்டபோது சிதைந்த கோபுரத்தை இடித்துவிட நினைத்தார்கள். பேர்லின் மக்கள் விடவில்லை. ஆகவே கோபுரத்தை அப்படியே விட்டு, பக்கத்தில் நீலக் கண்ணாடிச் சுவர்களோடு புதியதைக் கட்டினார்கள். அது 1961இல் திறக்கப்பட்டது. உடைந்த கோபுரத்துக்கு ஊர் மக்கள் வைத்த பெயர் 'சூத்தைப் பல்'. சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள், ஆனால் பல்லைப் பிடுங்கவில்லை.

பின்பு 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி பிரண்டன்பேர்க் வாயிலுக்குப் போனோம். வீதியில் இரண்டு வரிசைக் கற்கள் நீளமாக ஓடுகின்றன. 1961 முதல் 1989 வரை நகரை இரண்டாகப் பிரித்த மதில் நின்ற தடம் அது. ஜேர்மன் சகோதரி ஒரு காலை இந்தப் பக்கமும் மறு காலை அந்தப் பக்கமும் வைத்து நின்றார். அவருடைய பெரியம்மா மதிலுக்கு அப்பால் இருந்தவராம்.

வாயிலுக்குச் சற்றுத் தெற்கே, படுகொலை செய்யப்பட்ட ஐரோப்பிய யூதர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. 2,711 கொங்கிறீற் கற்கள். ஓரத்தில் முழங்காலளவு, உள்ளே போகப்போக ஆளை மறைக்கும் உயரம். சில நிமிடங்களில் தோழிகள் இருவரையும் காணவில்லை. கூப்பிட்டால் குரல் கேட்கிறது, ஆள் தெரியவில்லை. எங்களில் பலருக்கு இந்த உணர்வைப் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

இந்த நினைவிடத்தை அரசு தானாக நினைத்துக் கட்டவில்லை என்பது முக்கியம். லேயா ரோஷ் என்ற பெண் பத்திரிகையாளரும் வேறு சிலரும் 1988இல் கோரிக்கையைத் தொடங்கினார்கள். எத்தனையோ வாதங்களுக்குப் பிறகு 1999இல் பாராளுமன்றம் சம்மதித்தது. திறக்கப்பட்டது 2005இல். கேட்கத் தொடங்கிப் பதினேழு ஆண்டுகள்.

சமூகவியல் படித்தபோது 'கூட்டு நினைவு' என்றொரு பாடம் இருந்தது. மனிதர் தனித்து நினைவுகொள்வதில்லை, தாம் வாழும் சமூகத்தோடு சேர்ந்தே நினைவுகொள்கிறார்கள் என்று எழுதியவர் மொறிஸ் ஹல்ப்வாக்ஸ் என்ற பிரெஞ்சு அறிஞர். பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்தோம். அவரே 1945இல் ஜேர்மனியின் புகன்வால்ட் வதைமுகாமில் இறந்தவர் என்பதை, அந்தக் கற்களுக்கு நடுவே நின்றபோது தோழிக்குச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

வாங்கு ஒன்றில் இருந்து பாணைச் சாப்பிட்டுவிட்டு, உன்டர் டென் லின்டன் என்ற அகன்ற வீதியால் கிழக்கே நடந்தோம். இடது பக்கம் 'நொயே வாஹே' என்ற சிறிய கட்டடம். 1818இல் அரண்மனைக் காவலர்களுக்காகக் கட்டப்பட்டது. 1993 முதல் போருக்கும் கொடுங்கோன்மைக்கும் பலியானவர்களுக்கான நாட்டின் மத்திய நினைவிடமாக இருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. பெரிய வெறும் மண்டபம். நடுவில், இறந்த மகனைத் தன் முழங்கால்களுக்கு இடையில் அணைத்தபடி குந்தியிருக்கும் ஒரு தாயின் சிலை. அதற்கு நேர் மேலே கூரையில் வட்டமான திறப்பு. மழை பெய்தால் அவள் நனைவாள். பனி விழுந்தால் அவள்மேல் விழும்.

இச்சிலையைப் படைத்தவர் கேத்தே கொல்விட்ஸ் என்ற பேர்லின் பெண் கலைஞர். அவர் செய்த மூலச்சிலை சிறியது. அங்கே இருப்பது பெரிதாக்கிய பிரதி. அவருடைய இளைய மகன் பீற்றர் முதலாம் உலகப் போரில் 1914 ஐப்பசியில், பதினெட்டு வயதில் பெல்ஜியத்தில் கொல்லப்பட்டான். படையில் சேரும் வயது அவனுக்கு வரவில்லை. தகப்பனின் சம்மதம் தேவைப்பட்டது. தகப்பன் மறுத்தபோது, மகனுக்காகப் பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தவர் தாய்தான். அந்தப் பாரத்தை அவர் வாழ்நாள் முழுவதும் சுமந்தார். மகனின் நினைவாக, துயருறும் தாய் தகப்பனின் சிலைகளைச் செய்து முடிக்க 1932 வரை சென்றது. அடுத்த போரில், 1942இல், மகனின் பெயர் வைத்த பேரனும் இறந்தான். போர் முடிவதற்குச் சில நாட்களுக்கு முன், 1945 சித்திரையில் கொல்விட்ஸ் காலமானார்.

எங்கள் கூட்டங்களில் "நான்தானே கடைக்கு அனுப்பினனான்", "நான்தானே அண்டைக்குப் போகச் சொன்னனான்" என்று சொல்லி அழும் தாய்மாரை எனக்குத் தெரியும். பிள்ளையை எடுத்தது போர், குற்றத்தைச் சுமப்பது தாய். இவ்வளவு காலத்துக்கு முன், இவ்வளவு தூரத்தில் ஒரு பெண் அதே பாரத்தைச் சுமந்திருக்கிறாள். அவளுடைய துக்கத்தை ஒரு நாடு தன் தலைநகரின் நடுவில் வைத்திருக்கிறது.

இதிலும் விமர்சனம் இல்லாமல் இல்லை. கொன்றவர்களையும் கொல்லப்பட்டவர்களையும் ஒரே சொல்லில் 'பலியானவர்கள்' என்று அடக்கலாமா என்று அன்றே எதிர்ப்பு எழுந்தது. அதனால் யார் யார் கொல்லப்பட்டார்கள் என்று விரித்துச் சொல்லும் பலகை ஒன்று வெளியே வைக்கப்பட்டது. நினைவுகூர்வதிலும் நீதி வேண்டும் அல்லவா?

வெளியே வந்ததும் ஜேர்மன் சகோதரி தன் அம்மம்மாவைப் பற்றிச் சொன்னார். 1945இல் இடிபாடுகளில் செங்கல் பொறுக்கிச் சுத்தம் செய்தவராம். அந்த வேலைக்குக் கூடுதலான உணவுப் பங்கீடு கிடைத்தது. "செங்கல்லைப் பற்றிக் கதைப்பா. அந்த வருசம் பெண்களுக்கு நடந்ததைப் பற்றி ஒரு நாளும் கதைக்கேல்லை" என்று தோழி எனக்கு மொழிபெயர்த்தாள். நகரைப் பிடித்த சோவியத் படையினர் அங்கே ஏராளமான பெண்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினர். தன் பெயரைச் சொல்லாமல் ஒரு பெண் எழுதிய நாட்குறிப்பு 1959இல் ஜேர்மன் மொழியில் வந்தபோது, பெண்களின் மானத்தைக் கெடுத்ததாக எழுதியவளையே ஏசினார்கள். 2003இல் மீண்டும் வந்தபோதுதான் பலரும் மதித்து வாசித்தார்கள். அந்தச் சமூகமும் தன் பெண்களை நெடுங்காலம் வாய்மூட வைத்திருந்தது.

கடைசியாக, ஆற்றைக் கடந்து ரோஸன்ஸ்ட்ராஸ என்ற சிறு வீதிக்குப் போனோம். 'ரோசா வீதி' என்று பொருள். 1943 மாசி 27ஆம் திகதி பேர்லினில் எஞ்சியிருந்த யூதர்களைச் சுற்றிவளைத்துப் பிடித்தார்கள். யூதரல்லாத மனைவியரைக் கொண்ட ஆண்கள் உட்பட ஏறக்குறைய 2,000 பேரை இந்த வீதியிலிருந்த ஒரு கட்டடத்தில் அடைத்தார்கள். மனைவிமார் தேடிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தியைக் கண்டு மற்றவள் நின்றாள். குளிரில், துப்பாக்கிகளுக்கு முன்னால், "எங்கள் கணவன்மாரைத் தாருங்கள்" என்று நாட்கணக்கில் நின்றார்கள். பங்குனி 6ஆம் திகதியளவில் பெரும்பாலானோர் விடுவிக்கப்பட்டார்கள்.

அந்தப் போராட்டத்தால்தான் விட்டார்களா, இல்லாவிட்டாலும் விட்டிருப்பார்களா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நின்ற பெண்களுக்கு முடிவு தெரியாது, தெரியாமலே நின்றார்கள் என்பதில் வாதமில்லை. அதே நாட்களில் பிடிபட்ட ஆயிரக்கணக்கான ஏனையோர் அவுஸ்விற்சுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்காக வெளியே நிற்க ஆளில்லை. அவர்களின் மனைவிமாரும் பிடிபட்டவர்களே. இப்போது அங்கே இங்கபோர்க் ஹுன்சிங்கர் என்ற பெண் சிற்பி செதுக்கிய செந்நிறக் கற்சிலைகள் இருக்கின்றன. அவை வைக்கப்பட்டது 1995இல். ஐம்பத்திரண்டு ஆண்டுகள் சென்றிருக்கின்றன.

அந்தச் சிலைகளுக்கு முன் எனக்கு வந்த நினைவு, 2017 மாசி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டம் தொடங்கிய தாய்மார். அவர்களில் பலர் பிள்ளையின் பதிலைக் கேளாமலே கண்மூடிவிட்டார்கள். எங்கள் துக்கத்துக்கு நகரின் நடுவில் ஒரு மண்டபம் இல்லை. விளக்கேற்றுவதற்கே அனுமதி கேட்ட ஆண்டுகள் இருந்தன. தென்னிலங்கையில் சீதுவைக்கு அருகே ரத்தொலுவச் சந்தியில், காணாமலாக்கப்பட்ட சிங்கள இளைஞர்களின் முகங்கள் பதித்த சுவர் ஒன்று நிற்கிறது. அதையும் குடும்பங்கள் விடாது நின்றுதான் பெற்றார்கள்.

சகோதரிகளே, சிலை எப்போது வரும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பித்தளைத் தகட்டில் இருந்த விபரங்கள் எங்கள் கையிலேயே இருக்கின்றன. பெயர், பிறந்த ஆண்டு, கடைசியாகக் கண்ட நாள், கடைசியாகக் கண்ட இடம். ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். யார் கண்டது, யாரிடம் முறைப்பாடு செய்தது, அதன் இலக்கம் என்ன என்பதையும் சேருங்கள். ஒரு பிரதியை நம்பிக்கையான இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள். இப்போது எழுத மனம் வராதவர்களை யாரும் வற்புறுத்த வேண்டாம். மனம் வரும் நாளில் எழுதட்டும்.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பேரப்பிள்ளை கேட்டாலும், சொல்வதற்கு ஒரு கொப்பி இருக்க வேண்டும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.