கையை நீட்டும் முன் அனுமதி

மாலை மதரஸா முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம். காலடிப்பேட்டையின் குறுகிய தெருவொன்றில் எதிர்வீட்டுக்காரர் தம் நாயைச் சங்கிலியில் பிடித்தபடி வருகிறார். பிள்ளைகளில் ஒருவன் கூச்சலிட்டு ஓடுகிறான். மற்றொருவன் ஆசையோடு நேரே சென்று அதன் தலையில் கை வைக்கிறான். ஓடியவனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். தொட்டவனை, "நஜீஸ்! தொடாதே" என்று அதட்டுகிறோம். இருவருக்குமே நாம் எதையும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை என்பதை மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை.

"நம் வீட்டில் நாய் இல்லை; நமக்கு எதற்கு இந்தப் பேச்சு?" என்று கேட்கலாம். மெட்ரோ நிலையம் வந்த பின்னும் நம் உட்தெருக்கள் அகலமாகிவிடவில்லை. பல சமயத்தாரும் வாசலோடு வாசலாக வாழும் ஊரில், அண்டைவீட்டு நாய் நம் பிள்ளையின் அன்றாட வழியில்தான் நிற்கிறது. ஆகவே இது நம் பேச்சும்தான்.

நாய் குறித்த மார்க்கச் சட்டத்தை நாம் அறிவோம். ஷாஃபிஈ மத்ஹபில் அது கடும் நஜீஸ். ஈரத்தோடு பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அவற்றில் ஒரு முறை மண் கலந்த நீரால். இரு பக்கமும் உலர்ந்திருந்தால் தொட்டதால் மட்டும் நஜீஸ் ஒட்டுவதில்லை. ஹனஃபி மத்ஹபில் அதன் எச்சிலே அசுத்தம், உடல் அவ்வாறன்று. ஆனால் இது சுத்தம் பற்றிய சட்டம், வெறுப்பதற்கான அனுமதியன்று. தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் மொண்டு வந்து புகட்டிய மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியில் உண்டு. குகைத் தோழர்களின் வாசலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்த நாயையும் திருக்குர்ஆன் நினைவுகூர்கிறது. கல்லெறியும் பிள்ளையை மார்க்கப் பற்றுள்ளவன் என்று நாம் தட்டிக்கொடுக்க இதில் எங்கும் இடமில்லை.

அப்படியானால் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிப்பது? நம்மிடம் ஏற்கெனவே ஓர் அழகிய ஒழுக்கம் இருக்கிறது. பிறர் வீட்டில் நுழையுமுன் ஸலாம் கூறி அனுமதி கேட்க வேண்டும். திரும்பிப் போகச் சொன்னால் மனம் நோகாமல் திரும்பிவிட வேண்டும். சூரத்துந் நூர் கற்றுத்தரும் இந்த ஒழுக்கத்தைப் பிறருடைய நாயிடமும் கடைப்பிடித்தால் போதும். அது ஒருவருடைய பொறுப்பில் உள்ள உயிர். "மாமா, இது பக்கத்தில் வந்தால் ஒன்றும் செய்யாதா?" என்று கேட்கப் பிள்ளை பழக வேண்டும். அவர் வேண்டாமென்றால் அத்தோடு சரி. அவர் சம்மதித்தாலும், பெற்றோரின் சொல்லும் வேண்டும். அந்த நாயின் சம்மதமும் வேண்டும்: அது தானாக நெருங்கி முகர்ந்து பார்க்கட்டும், விலகினால் விட்டுவிட வேண்டும். வாலாட்டுவதெல்லாம் நட்பின் அடையாளம் என்று நம்பக் கூடாது. உண்ணும்போதும், உறங்கும்போதும், குட்டிகளோடு இருக்கும்போதும், கட்டிப்போட்டிருக்கும்போதும் நெருங்கவே கூடாது. கட்டியணைப்பதும் முகத்தருகே முகம் கொண்டுபோவதும் கூடாது. தெருநாயைத் தொடவே வேண்டாம். பயப்படும் பிள்ளைக்கும் பாடம் உண்டு. ஓடினால் அது துரத்தும். கைகளை உடலோடு சேர்த்து, அதன் கண்ணைப் பார்க்காமல், அசையாமல் நின்றால் பெரும்பாலும் முகர்ந்துவிட்டுப் போய்விடும்.

அனுமதி ஒருவழிப் பாதையன்று. 2024 மே 5 அன்று சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அந்தக் குழந்தை யாருடைய நாயையும் கொஞ்சப் போகவில்லை. அதன் பின்னரே பொது இடங்களில் சங்கிலியும் வாய்மூடியும் கட்டாயம் என மாநகராட்சி வலியுறுத்தியது. உரிமம் பெறுவதும் வெறிநாய்த் தடுப்பூசி போடுவதும் வளர்ப்பவரின் கடமைகள். "எங்கள் நாய் ஒன்றும் செய்யாது" என்ற சொல் ஒருபோதும் சங்கிலிக்கு ஈடாகாது. ஒளுவோடு மஃரிபுக்கு விரையும் பெரியவர் மீது நாய் தாவினால், அவர் திரும்பி வந்து கழுவி உடைமாற்ற வேண்டியிருக்கிறது. இதை அண்டைவீட்டாரிடம் நாம் முகம் சுளிக்காமல் விளக்கிச் சொல்லியிருக்கிறோமா? சொன்னால் புரிந்துகொள்ளாதவர்கள் அரிது. சொல்லாமல் சுளித்த முகத்தை அவர்கள் தங்கள் மீதான வெறுப்பாகவே எடுத்துக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும்விட நம்மை அஞ்சவைப்பது ஒன்று உண்டு. "நஜீஸ்" என்ற அதட்டலை மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை, ஒருநாள் ஒளிந்து நாயைத் தொட்டு, அது பல் பதித்துவிட்டால் என்ன செய்யும்? உம்மா திட்டுவாள், வாப்பா அடிப்பார் என்று சட்டைக் கையை இழுத்துவிட்டு மறைக்கும். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் ஏறத்தாழ மீட்சியே இல்லை. உரிய நேரத்தில் ஊசி போட்டால் ஏறத்தாழ முழுப் பாதுகாப்பு. இந்த இரண்டிற்கும் இடையே நிற்பது, நம்மிடம் உண்மையைச் சொல்லும் துணிவு பிள்ளைக்கு இருக்கிறதா என்பதே. உலகில் இந்நோயால் இறப்போரில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆகவே பிள்ளைக்குச் சொல்லி வைப்போம்: "நாய் கடித்தாலோ, கீறினாலோ, புண்ணில் நக்கினாலோ உடனே எங்களிடம் வந்து சொல். திட்ட மாட்டோம்." சொன்னபடி திட்டாமலும் இருப்போம். முதலில் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ அப்ப வேண்டாம். தடுப்பூசி போட்ட வளர்ப்பு நாயே ஆனாலும் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கு ஊசி இலவசம். மருத்துவர் சொன்ன நாட்களில் ஒரு தவணையையும் தவறவிடக் கூடாது. நஜீஸின் சட்டத்தை மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சுத்தத்தையும் கருணையையும் ஒருங்கே கற்பித்த மார்க்கம் நம்முடையது. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை மறைத்தால் பிள்ளையிடம் மிஞ்சுவது பயம் மட்டுமே. இன்று மாலையே அண்டைவீட்டு வாசலில் பிள்ளையின் கையைப் பிடித்தபடி நின்று, முதல் அனுமதியை நாமே கேட்டுக் காட்டுவோம். அல்லாஹ் நம் பிள்ளைகளையும் அண்டைவீட்டாரின் பிள்ளைகளையும் காப்பானாக! ஆமீன்.