கட்டடங்கள் சொல்லும் மழை ஜோசியம்

2005 ஜூலை 26. மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை கொட்டியது. அதே நகரின் தென்கோடியில் இருக்கும் கொலாபாவில் பதிவானது 73 மி.மீ. மட்டுமே. மித்தி ஆறு பெருக்கெடுத்து தாராவியில் புகுந்தது. சென்னையில் 2002லேயே டாப்ளர் ரேடார் வந்துவிட்டது. மும்பையில் அன்று அது இல்லை.

இன்று கொலாபாவில் ஒரு ரேடார் உண்டு, 2022 ஜனவரியில் தொடங்கிய வெராவலியில் இன்னொன்றும் உண்டு. ஆனாலும் ஒரு குறை. ரேடாருக்குத் தெரிவது மழைத்துளி. துளியாகும் முன் காற்றில் கலந்திருக்கும் நீராவி அதன் கண்ணில் படாது. இடிமேகத்துக்குத் தீனியே தரையை ஒட்டிய அந்த ஈரம்தான். அதை அளக்க ஆங்காங்கே தானியங்கி வானிலை நிலையங்கள் உண்டு. பலூன் மேலே போவது தினம் இரண்டே முறை. இடைப்பட்ட இடத்திலும் நேரத்திலும் நடப்பது தப்பிவிடுகிறது.

இதற்கு ஒரு வழி சொன்னவர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரெடரிக் ஃபாப்ரி. 1997ல் அவரும் சகாக்களும் வெளியிட்ட யோசனை எளிமையானது. கட்டடம், கோபுரம், புகைபோக்கி ஆகியவற்றில் மோதித் திரும்பும் அலைகளை வானிலைக்காரர்கள் குப்பை என்று ஒதுக்குவார்கள். ஃபாப்ரி அந்தக் குப்பையைக் கிளறினார்.

கட்டடம் நகர்வதில்லை. ஆனால் ஈரக்காற்றில் ரேடியோ அலை இம்மியளவு மெதுவாகப் போகும். வேகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு குறைந்தாலும், 20 கி.மீ. தள்ளியிருக்கும் கட்டடத்துக்குப் போய்வரும் பாதை 4 செ.மீ. நீண்டது போலாகிவிடும். கொலாபா ரேடார் வகையில் அலையின் நீளமே சுமார் 10 செ.மீ. என்பதால் இந்த மாற்றம் பளிச்சென்று தெரியும். வெப்பமும் காற்றழுத்தமும் கூட அலையைப் பாதிக்கும் என்றாலும், வெயில் காலத்தில் பெரும்பங்கு ஈரத்துக்கே. 2002ல் அமெரிக்கச் சமவெளியில் நடந்த பெரிய கள ஆய்வில் இந்த முறை பரிசோதிக்கப்பட்டது. வறண்ட காற்றும் ஈரக்காற்றும் மோதும் எல்லைக்கோடு படமாகவே தெரிந்தது. புயல்மேகம் முளைக்கப் பெரும்பாலும் இடம் தருவது அந்தக் கோடுதான்.

மாதுங்காவின் அடுக்குமாடிகள், செம்பூர் ஆலைகளின் புகைபோக்கிகள் - மும்பையில் இலக்குகளுக்குப் பஞ்சமில்லை. சிக்கல் மேற்கே. ஈரம் வருவது அரபிக்கடலிலிருந்து. அங்கே அசையாத பொருள் எதுவுமில்லை. இடித்துக் கட்டப்படும் பேட்டைகளில் இலக்கே மாறிப்போகும். காற்று எங்கும் நனைந்து கிடக்கும் ஜூலையில் வித்தியாசம் காண்பதும் கடினம்.

இந்த வித்தை கைகொடுக்கக்கூடியது மே, அக்டோபர் மாதங்களின் திடீர் இடிமழைக்குத்தான். 2024 மே 13ல் புழுதிக்காற்று வீசியபோது, செம்பூரை அடுத்த காட்கோபரில் ராட்சத விளம்பரப் பலகை பெட்ரோல் பங்க் மீது விழுந்து 17 பேர் இறந்தார்கள். சட்டத்தை மீறி நின்ற பலகையை எந்த ரேடாரும் தாங்கிப் பிடித்திருக்காது. ஆனால் மழைக்கும் காற்றுக்கும் ஒதுங்க இடம் தேடுபவனுக்கு, எங்கே ஒதுங்கக்கூடாது என்று யோசிக்க அரை மணி நேரம் போதும். தாராவியின் தாழ்வான சந்துகளில் இருப்பவர்களுக்கும் அந்த அரை மணி போதும், குழந்தைகளையும் ரேஷன் அட்டையையும் பரண்மேல் ஏற்ற. எச்சரிக்கை அவர்கள் காதுவரை போய்ச் சேர்ந்தால்தான் ரேடாருக்குப் போட்ட பணம் செரிக்கும்.