பன்னீர்ச்செம்பை மினுக்கிறதா, விடுறதா?

அக்காவின் கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கேக்க, அலுமாரியின் அடித்தட்டிலிருந்து அம்மம்மாவின் வெள்ளிப் பன்னீர்ச்செம்பு வெளியே வந்தது. கன்னங்கரேலென்று இருந்தது. உடனே வீட்டில் இரண்டு கட்சி.

"உதை இப்பிடியே சபையில வைக்கேலாது, நல்லா மினுக்குங்கோ" என்றா சித்தி. பிள்ளைகள் நாங்கள் மற்றப் பக்கம். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வளவுக்குள் தாட்டு வைத்து, திரும்பி வந்து கிண்டியெடுத்த சாமான் அது. அந்தக் கறுப்புத்தான் எங்கட வரலாறு, அதில் கை வைக்கக்கூடாது என்று நின்றோம்.

யோசித்துப் பார்த்தால் எங்கட கதையிலும் பெரிய ஓட்டை இருந்தது. கிண்டியெடுத்த கையோடு அம்மம்மாவே திருநீறு போட்டுத் துலக்கினவவாம். வெள்ளியைக் கறுக்கப் பண்ணுவது காற்றில் இருக்கிற ஐதரசன் சல்பைட்டு போன்ற கந்தகச் சேர்வைகள். றப்பரிலும் கந்தகம் இருக்கு. எங்கட செம்பு வருசக்கணக்காக றப்பர் பாண்ட் போட்டுச் சுற்றித்தான் கிடந்தது. பாண்ட் இருந்த இடத்தில் வளையம் மாதிரிக் கறுப்பு. நாங்கள் வரலாறு என்று சொன்னது எங்கட கவனயீனத்தை.

அதுக்காகச் சித்தி சொன்னதும் சரியில்லை. துணியில் ஒட்டிவரும் கறுப்புக்குள் வெள்ளியும் இருக்கு. திருநீறோ பற்பசையோ போட்டு ஒவ்வொருமுறை தேய்க்கும்போதும் ஒரு மெல்லிய படை போகும். முலாம் பூசின சாமான் என்றால் ஒருநாள் உள்ளே இருக்கிற பித்தளை தெரியும். அலுமினியத் தாளும் அப்பச்சோடாவும் போட்ட சுடுதண்ணி தேய்க்காமலே கறுப்பை எடுக்கும்தான். ஆனால் சித்திரவேலையின் பள்ளங்களில் நிற்கிற கறுப்பையும் சேர்த்து எடுத்துவிடும். அது போனால் பூவும் கொடியும் வெளிறிப்போகும்.

செம்பைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் சண்டை ஓய்ந்தது. அடியில் இரண்டு எழுத்து வெட்டியிருக்கு. அம்மம்மாவின் அம்மம்மாவினது என்று மட்டும் அம்மாவுக்குத் தெரியும். முதல் எழுத்து 'சி'. இரண்டாவது தேய்ந்து பாதிதான் மிச்சம். அவவின் படமோ பத்திரமோ எங்களிட்ட இல்லை. முழுப்பெயரைக் கேட்க அம்மம்மாவும் இப்ப இல்லை. ஒவ்வொரு நல்லநாளுக்கும் ஆசையாய்த் துலக்கின கைகள்தான் அந்தப் பெயரையும் அழித்திருக்கு.

கடைசியில் சவர்க்காரத் தண்ணியில் பஞ்சுத்துணியால் கழுவி, ஈரம் போகத் துடைத்தோம். மேடான இடங்களை மட்டும் மெதுவாகத் துலக்கினோம். பள்ளங்களையும் எழுத்தையும் தொடவில்லை. செம்பு பளபளக்கவில்லை, ஆனால் சபையில் நின்றது. சித்தியும் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய சாமானைப் படத்துக்காக மினுக்குவதும் சுகம், "நினைவு" என்று பூட்டி வைப்பதும் சுகம். எடுத்துப் புழங்குவதுதான் கஷ்டம். அடிக்கடி பாவித்துத் துடைக்கிற வெள்ளி அவ்வளவு கறுக்காது என்பதும் உண்மை.

உங்கட வீட்டுச் சாமானைத் துலக்க முதல் ஒருக்கால் கவிழ்த்துப் பாருங்கோ. எழுத்து ஏதும் இருந்தால், அது ஆருடைய பெயர் என்று வீட்டு மூத்த ஆக்களிட்டக் கேட்டு எழுதி வையுங்கோ. நாங்கள் கேட்கப் பிந்திவிட்டோம்.