முழங்கால் யாருக்குச் சொந்தம்?

பிரையன் க்ளஃப் என்றதும் கால்பந்து ரசிகர்களின் நினைவுக்கு வருபவர் ஒரு பயிற்றுநர். டெர்பி கவுன்ட்டி, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஆகிய இரு கழகங்களை இங்கிலாந்தின் சாம்பியன்களாக்கியவர். ஃபாரஸ்ட் அணிக்கு 1979, 1980 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றுத் தந்தவர். 2004 செப்டம்பர் 20 அன்று மறைந்த அந்த மனிதருக்குள் இருந்த ஆட்டக்காரரை எத்தனை பேர் அறிவர்?

இரும்பாலை நகரமான மிடில்ஸ்பரோவில் 1935ஆம் ஆண்டு பிறந்தவர் க்ளஃப். தந்தை மிட்டாய் ஆலைத் தொழிலாளி. மிடில்ஸ்பரோ, சண்டர்லாந்து கழகங்களுக்காக 274 லீக் ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் 251. இது மிகையல்ல, பதிவேட்டில் உள்ள கணக்கு.

1962 டிசம்பர் 26. உறைபனிக்கால ரோக்கர் பார்க் மைதானத்தில் பெரி அணியின் கோல்காப்பாளரோடு மோதி விழுந்தார். முழங்காலின் மூட்டு நார்கள் கிழிந்தன. வயது 27. எழ முடியாமல் தவித்தவரை, அவர் நடிக்கிறார் என்று எதிரணியின் தடுப்பாட்ட வீரர் ஒருவர் நடுவரிடம் கூறினாராம். க்ளஃப் அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. இயந்திரத்தில் கை சிக்கிய தொழிலாளியின் ‘கவனக்குறைவு’ பற்றி மேலாளர்கள் பேசக் கேட்டிருக்கும் நம் தோழர்களுக்கு இந்தக் குரல் புதிதல்ல.

1964இல் மீண்டும் களமிறங்கினார். மூன்று ஆட்டங்கள், ஒரு கோல், அத்துடன் முடிந்தது. காப்பீட்டுத் தொகை கழகத்தைச் சேர்ந்தது. முழங்கால் அவருடையது, அதன் விலை முதலாளிகளுடையது.

அன்றைய சட்டத்தின் தர்க்கம் அதுவே. வாரம் 20 பவுண்டு என்ற ஊதிய உச்சவரம்பை 1961இல்தான், வேலைநிறுத்த எச்சரிக்கை விடுத்து, வீரர்களின் சங்கம் தகர்த்தது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் வீரரைக் கழகம் பிடித்து வைத்துக்கொள்ளும் முறை நியாயமற்றது என்று ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வழக்கில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1963இல். க்ளஃப் காயத்தோடு போராடிக்கொண்டிருந்த அதே ஆண்டில்.

அந்தக் காயம் இல்லையென்றால் இத்தகைய பயிற்றுநர் கிடைத்திருப்பாரா என்று சிலர் ஆறுதல் கூறுவதுண்டு. இந்த ஆறுதலை நான் ஏற்பதில்லை. முழங்கால் போனபின் மேதையாக மறுபிறவி எடுப்பவர் ஒருவர். வெறுங்கையோடு வீடு திரும்புவோரின் பெயரை எவரும் எழுதி வைப்பதில்லை.

புகழும் பணமும் வந்த பின்னும் க்ளஃப் தன்னைச் சோசலிஸ்ட் என்றே அழைத்துக்கொண்டார் (வசதியாக வாழ்ந்துகொண்டே அப்படிச் சொல்கிறாரே என்ற கேலியை அவர் பொருட்படுத்தவில்லை). இனவெறிக் கும்பல்களுக்கு எதிராக 1977இல் தோன்றிய நாஜி எதிர்ப்பு லீகின் ஆதரவாளர்களில் ஒருவராகப் பெயர் கொடுத்தார். 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது நாட்டிங்ஹாம்ஷயர் சுரங்கத் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தனர். அந்த மாவட்டத்திலேயே பணியாற்றிய க்ளஃப், வேலைநிறுத்தம் செய்தவர்களின் பக்கம் நின்றார்.