மனிதவளத் துறை யாருக்காக?

கம்பெனிகளுக்கு மனிதவளத் துறையே இனி வேண்டாம் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. ஆள் எடுக்கக் கம்ப்யூட்டர், சம்பளம் போட வங்கி, லீவு கேட்கக் கைப்பேசி. பிறகு எதற்கு அந்த ஆட்கள் என்கிறார்கள். எனக்கும் அது வேண்டாம்தான். ஆனால் என் காரணம் வேறு.

முதலில் பெயரே கோளாறு. நான் பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழியில் முன்பு 'பெர்சொனெல்' என்பார்கள். வேலை செய்கிறவர்கள் என்று பொருள். இப்போது அங்கேயும் 'ரெசூர்ஸ் உய்மேன்'. நிலக்கரி மாதிரி மனிதனும் ஒரு வளமாம்! வளம் என்றால் தோண்டுவார்கள், தீர்ந்தால் விட்டுவிடுவார்கள்.

அடுத்தது, இரட்டை வேடம். சம்பளம் முதலாளியிடம், பேச்சு மட்டும் தொழிலாளியின் தோழன் போல. வேலையைவிட்டு நிறுத்தும் கடிதத்தையும் அவர்களே தருகிறார்கள், பிறந்தநாள் கேக்கையும் அவர்களே வெட்டுகிறார்கள். குறை சொல்லப் போகிறவன் யாரை நம்புவான்?

அரசு அலுவலகத்தில் எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவு யாருக்கும் கேக் வெட்டவில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் சர்வீஸ் புக் இருந்தது. இன்கிரிமென்ட், லீவுக் கணக்கு, சீனியாரிட்டி எல்லாம் எழுத்தில் இருக்கும். தவறு என்றால் மேல்முறையீடு செய்யலாம். குமாஸ்தா குமாஸ்தாவுக்குத்தானே பரிந்து பேசுவான் என்பீர்கள். நான் பரிந்து பேசுவது பதிவேட்டுக்காக.

நம் புதுச்சேரிக்கு இது தெரியாததா? 1936 ஜூலை 30 அன்று மில் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார்கள். அதன் பிறகுதான் 8 மணி நேர வேலை இங்கே சட்டமானது. எந்த நலப் பிரிவும் மனமிரங்கித் தரவில்லை. வ. சுப்பையாவும் தொழிலாளர்களும் சங்கமாகச் சேர்ந்து வாங்கியது அது.

1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் என்ன சொன்னது? 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் தொழிற்குழு அமைக்க அரசு உத்தரவிடலாம். அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் முதலாளி தரப்பைவிடக் குறையக்கூடாது. பிரான்சில் இன்று 11 பேர் இருந்தாலே தேர்தல் வைத்துக் குழு அமைக்க வேண்டும்.

ஆகவே துறையை மூடுங்கள், பதிவேட்டை மூடாதீர்கள். கணக்கு எழுத ஒரு நேர்மையான குமாஸ்தா, குறை கேட்கத் தொழிலாளர்களே தேர்ந்தெடுத்த குழு, இந்த இரண்டும் போதும். துறையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டரை மட்டும் வைப்பீர்கள் என்றால், பழைய கேக்காரர்களே தேவலை. அவர்களிடம் சண்டையாவது போடலாம்.